பூட்டு தொங்கிய பக்கம்

உலகம்மாளின் வீட்டு வாசல்கதவு, நிலையோடும் கீழ்ப்படியோடும் கிளம்பி, பூவன்குறிச்சி முதியோர் காப்பகத்துக்கு வந்து நின்ற காலையில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அன்று தண்ணீர் லாரி வருகிற நாள், தண்ணீர் லாரி வருகிற நாளில் பூவன்குறிச்சிக்காரர்களுக்கு வேறு எதற்கும் வாயைப் பிளக்க நேரமிருக்காது. லாரி டிரைவர்தான் முதலில் பார்த்தார். காப்பகத்து வேலியில் வண்டி நுழைகிற இடைவெளிக்கு நட்டநடுவில், பஸ் ரோட்டுக்கும் முற்றத்துக்கும் நடுவே, பின்னால் ஒரு வீடும் இல்லாமல் பக்கத்தில் ஒரு சுவரும் இல்லாமல், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பழைய வேங்கைமர நிலை ஒன்று, இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு, பெய்து ஓய்ந்த மழையில் நனைந்து நின்றது. அவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கதவு நகரவில்லை. சரி, அதற்கும் என்ன அவசரமோ என்று வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, குழாயைக் கதவுக்குப் பக்கவாட்டில் சுற்றி இழுத்து, தொட்டியை நிரப்பிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போனார்.

கதவைப் பார்த்துத் தலை சுற்றிப்போனது ஒரே ஓர் ஆளுக்குத்தான். அவள் பெயர் ஆவுடைச்செல்வி.

அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிள்ளைகள் இல்லாமலோ, இருந்தும் இல்லாமலோ, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போய்விட்ட வயதானவர்களுக்கு அரசாங்கமே ஒரு காப்பாளரை வைக்கும். அவர்கள் எங்கே படுப்பது, எந்த மாத்திரையை விழுங்குவது, வீட்டுச் சாவி யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் அந்தக் காப்பாளர்தான் முடிவு செய்வார், அந்தக் காப்பாளர்கள் சரியாக முடிவு செய்கிறார்களா என்று பார்க்கிற மேற்பார்வையாளர் ஆவுடைச்செல்வி. கெட்டிக்காரி, கைசுத்தமானவள், ஒரு கிழவருக்கு ஒரு போர்வை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அத்தனை வருஷச் சர்வீஸில் அவள் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை, தட்டுகிற தேவை வந்ததில்லை. மாற்றுச் சாவி அவள் பையில் இருக்கும், திறந்துகொண்டு உள்ளே போவாள், அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள், மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பாள், அரிசிப் பானையைத் திறந்து மோந்து பார்ப்பாள், படுக்கையில் கிடக்கிறவர் யாரது என்று கேட்பதற்குள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவாள். எல்லாம் அவர்கள் நன்மைக்காகத்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

கதவில் தொங்கிய பூட்டில் அவளுடைய அலுவலகத்து அரக்கு முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் திரும்பிக் கூப்பிட்டாள்.

"தாவீது, இது கீழப்பாறை ஆச்சி வீட்டுக் கதவுல்லா?"

தாவீது அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற காப்பாளர். உலகம்மாள் கிழவியைக் கீழப்பாறையிலிருந்து காப்பகத்துக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். குனிந்து பூட்டைப் பார்த்தார்.

"அதேதான் மேடம். நான் பூட்டுன பூட்டுதான். மூணு தடவ இழுத்தும் பாத்தேன்."

"பூட்டுன கதவு எப்படி இங்க வந்துச்சு?"

"பூட்டு அப்படியே இருக்கு மேடம்," என்றார் தாவீது, தன் பொறுப்பு அதோடு தீர்ந்தது என்கிற நிம்மதியோடு.

ஆவுடைச்செல்வி கீழப்பாறைக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்தாள். வீடு வீட்டு இடத்திலேயேதான் இருக்கிறதாம், முன்சுவரில் கதவு இருந்த இடம் மட்டும் ஓட்டையாக இருக்கிறதாம். "ஆடு போகுது வருதுன்னு நாங்கதான் சாக்கக் கட்டித் தொங்க விட்டுருக்கோம். ஆனா ஒண்ணு மேடம், வீட்டுக்குள்ள ஒரே டீசல் வாடையா அடிக்கி, இங்கன எங்க பஸ்ஸு வருது?" என்று அந்தம்மா கேட்டாள். ஆவுடைச்செல்வி போனை வைத்துவிட்டு எதிரே பஸ் ரோட்டைப் பார்த்தாள்.

உலகம்மாளைக் கூட்டி வந்த கதை சின்னதுதான். கீழப்பாறையில் தன்னந்தனியாக இருந்தவள். ஒருநாள் அடுப்பை எரியவிட்டு மறந்து ஓலைச்சாய்ப்பு பற்றிக்கொண்டது. இன்னொருநாள் உச்சி வெயிலில், இடுப்பில் குடத்தோடு, தண்ணீர்க் குழாயைத் தேடிக்கொண்டு ரயில் தண்டவாளத்தின் நடுவே நடந்து போனாள், ரயில் டிரைவர் புண்ணியவான் தூரத்திலேயே பார்த்து நிறுத்தினார். அதற்கு மேலும் விட்டுவைக்க முடியாது என்று ஆவுடைச்செல்வி உத்தரவு போட்டாள், தாவீது ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். உலகம்மாள் அப்போதுதான் மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பியிருந்தாள். பேசிச் சமாதானப்படுத்தி, கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, தாவீது பூட்டப் போகும்போது விளக்கு கண்ணில் பட்டது. ஏற்றின விளக்கைப் பூவால் தொட்டுக் குளிர வைக்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டைப் பூட்டமாட்டார்கள், தாவீது சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் அவருக்கும் அது தெரியும். ஆவுடைச்செல்விக்குப் போன் போட்டுக் கேட்டார். அவள் வேறொரு கிழவருக்காக ஆஸ்பத்திரியில் அலைந்துகொண்டிருந்தாள். "அது தன்னால அணைஞ்சிரும், நீங்க பூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து காப்பகத்தில் உலகம்மாள், வெளக்கு எரியுது, வெளக்கு எரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், டாக்டர் அதை மறதி நோயின் அடுத்த கட்டம் என்றார்.

கதவு வந்த காலையில் உலகம்மாள் தடுமாறி நடந்து முற்றத்துக்கு வந்தாள். நிலையைத் தடவிப் பார்த்தாள், பூட்டைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாவி யார்ட்ட இருக்கு?"

"ஆச்சி, எந்திரிச்சு உள்ள வாங்க, வெயிலு ஏறுது," என்றாள் ஆவுடைச்செல்வி.

"அதத்தான நானும் கேக்கேன், உள்ள போகச் சாவி வேணும்லா."

"ஆச்சி, உள்ளன்னா இங்கிட்டு, காப்பகத்துக்குள்ள."

உலகம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு. "பூட்டு எங்கன தொங்குது? இந்தப் பக்கம் தொங்குது. அப்ப இது வெளிய. அங்கிட்டு இருக்கது என் வீடு. ஒரு வீட்டுக்கு எது உள்ள, எது வெளியன்னு கூடவா பாக்கத் தெரியல?"

ஆவுடைச்செல்வி கதவைச் சுற்றிப் போய் ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தாள். அந்தப் பக்கம் பூட்டு இல்லை. தாழ்ப்பாள் இருந்தது, குடை மாட்டுகிற ஆணி இருந்தது, கதவின் முதுகில் பால் கணக்குக்காகக் கரியால் இழுத்த கோடுகள் இருந்தன. அது கதவின் உள்பக்கம்தான். அப்படியானால் பஸ் ரோடும், பஸ் ஸ்டாப்பும், எதிரே சுடலையின் டீக்கடையும், அதற்குப் பின்னால் ரேஷன் கடையும், வயலும், வயலுக்குப் பின்னால் நீலமாகத் தெரிகிற மலையும், அவள் தினமும் படுத்து எழுந்திருக்கிற அரசாங்கக் குடியிருப்பும் எல்லாமே உலகம்மாளின் வீட்டுக்குள்ளே இருந்தன. அவள் மறுபடியும் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். தாவீது தலையைச் சொறிந்தார்.

"ஆச்சி சொல்லுதது சரிதான் மேடம். எந்த வீட்டுலயும் பூட்டு வெளியதான தொங்கும்."

"ஆச்சி, கதவுக்கு ரெண்டு பக்கமும் வழி சும்மாதான கெடக்கு. சுத்திப் போகலாம்லா?" என்று கேட்டுப் பார்த்தாள் ஆவுடைச்செல்வி.

"சொந்த வீட்டுக்குள்ள எவளாவது சுவரேறிக் குதிச்சுப் போவாளா?" என்றாள் உலகம்மாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தொடங்கியது சுடலைதான். மறுநாள் அவன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, என் வீட்டுக்குள்ள நின்னு யாருய்யா பாலு காச்சுறது என்று குரல் கேட்டது. அவன் கொஞ்சம் யோசித்தான், யோசித்துவிட்டு, "நான்தான் ஆச்சி, சுடல," என்று சத்தம் கொடுத்தான். "சரி, பொங்க விட்டுராத," என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவன் பாலைப் பொங்கவிட்டதே இல்லை, கல்லாவுக்குப் பக்கத்தில் எச்சில் துப்பியவர்களைக் கை காட்டி அனுப்பினான், வீட்டுக்குள்ள துப்புவியளா என்று கேட்டான். டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்களும் செருப்பைக் கழற்றிக் கதவோரமாக விட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த ஸ்டாப்புக்கு ஆச்சி வீடு என்று பெயர் சொல்லி இறக்கிவிட்டார்கள், இறங்குகிறவர்கள் வலது காலை முன்னால் வைத்து இறங்கினார்கள், பீடி குடிக்கிறவர்கள் மலைப்பக்கம் தள்ளிப் போனார்கள், புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் ஊருக்குள் சத்தம் குறைந்து நடந்தன, ஏனென்றால் விருந்தாளியாகப் போன இடத்தில் யார்தான் சத்தம்போட்டுச் சண்டை போடுவார்கள். ரேஷன் கடைக்காரர் எடை போடும்போது கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள், பெரிய வீடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீழப்பாறையில் உலகம்மாளின் மின்சார மீட்டர், பூவன்குறிச்சித் தெருவிளக்கெல்லாம் தன் கணக்கில்தான் என்பதுபோல ஓட ஆரம்பித்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து கதவு ஆக்கிரமிப்பா என்று அளந்தார்கள், ரோடு வீட்டுக்குள் இருக்கிறதா வீடு ரோட்டில் இருக்கிறதா என்று அவர்களுக்குள்ளேயே தகராறாகி, டீ குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

இப்படி ஊர் முழுக்க ஒரு கிழவி வீட்டில் சுகமாகக் குடியிருக்க, அந்தக் கிழவி மட்டும் வாசற்படியில் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

குழப்பமெல்லாம் ஆவுடைச்செல்விக்குத்தான். சாயங்காலம் வேலை முடிந்து குடியிருப்புக்குப் போகும்போது கதவைச் சுற்றித்தான் போக வேண்டும், போகும்போதெல்லாம் உலகம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பூட்டின சாவி பையில் கிடக்க, பூட்டச் சொன்னவள் மட்டும் பக்கவாட்டில் நுழைந்து அந்த வீட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. அலுவலகத்தில் அறிக்கை எழுதும்போது வெளியே என்று எழுதி அடித்தாள், உள்ளே என்று எழுதி அதையும் அடித்தாள். காப்பகத்திலிருந்த மற்றக் கிழவர்களும் கிழவிகளும், அப்ப நாங்களும் வெளியதான் இருக்கோமா என்று கேட்டார்கள். "இல்ல, நீங்க எல்லாரும் பத்திரமா உள்ளதான் இருக்கீங்க," என்றாள். எதுக்குள்ள என்று ஒருவர் கேட்டார். அவள் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இதோடு போயிருந்தால் ஊரும் கதவும் இப்படியே இருந்திருக்கும். ஆனால் உலகம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கோபத்தில் நிறுத்தவில்லை, அவளுக்கு யார்மேலும் கோபமில்லை. காப்பகத்தில் சமைக்கிற மாசானம் இட்லியைத் தட்டில் வைத்துப் படிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். உலகம்மாள் தட்டை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பூட்டுன வீட்டு வாசல்ல உக்காந்து யாராவது சோறு திம்பாளா மாசானம்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ ஆச்சி."

"சொல்ல மாட்டாவ, நெனப்பாவ. வீட்டுக்குப் போயி சாப்பிடுதேன், வெளக்கு வேற எரிஞ்சிட்டு கெடக்கு."

மோர் மட்டும் குடித்தாள். வழியில் போகிறவர்களுக்கு யாரும் மோர் கொடுப்பது வழக்கம்தான், அதில் குறைவில்லை என்பது அவள் கணக்கு. மோரில் எவ்வளவு நாள் ஓடும்? கன்னம் ஒட்டிப்போயிற்று, தூக்கி உட்கார வைத்தால்தான் உட்கார்ந்தாள், ஆனாலும் படியில்தான் உட்காருவேன் என்றாள், உள்ளே கட்டிலில் படுக்க வைத்தால் தவழ்ந்து வந்தாள். டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், பிறகு ஆவுடைச்செல்வியைத் தனியே கூப்பிட்டார்.

"இனிமே தாங்காதும்மா. காலைல ஆம்புலன்ஸ் அனுப்புறேன். பெரியாஸ்பத்திரில வச்சு மூக்கு வழியா டியூப் போட்டுச் சாப்பாடு எறக்கிரலாம். கையக் கால ஆட்டாம இருக்க லேசா கட்டி வைக்க வேண்டியிருக்கும்."

"அவங்க ஒத்துக்கணுமே டாக்டர்."

"அவங்க எதுக்கு ஒத்துக்கணும்? நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுமே," என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷர், அவளுக்கு உதவியாகத்தான் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் ஆவுடைச்செல்வி வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கதவைச் சுற்றிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. பையில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரித் தாள் இருந்தது, இன்னொரு பக்கம் பூட்டின சாவி இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டால் கிழவி பிழைத்துக்கொள்வாள், கட்டிலோடு கட்டப்பட்டு, வெளக்கு எரியுது என்று சொல்லிக்கொண்டு. சாவியைப் போட்டுத் திறந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது பஸ் ரோடு. தண்டவாளத்தில் குடத்தோடு நடந்தவள் அவள். திருநெல்வேலி பஸ் அந்த வளைவில் என்ன வேகத்தில் வரும் என்று ஆவுடைச்செல்விக்குத் தெரியும். மறதிக்காரக் கிழவியை ரோட்டுக்கு அனுப்பிய அதிகாரி என்று நாளைக்கு எல்லோரும் சொல்வார்கள், வேலை போகும், போனால் போகட்டும், ஆனால் ஒரு உயிர் போய்விட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. கிழவியை வெளியே விடுவதா, உள்ளே விடுவதா? தான் செய்யப்போவதற்குப் பெயர் என்ன என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள்.

"ஏம்மா, ஏன் அழுத?" என்று படியில் சாய்ந்திருந்த உலகம்மாள் கேட்டாள். "உன் வீட்டையும் பூட்டிட்டாவளா?"

விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் ஆவுடைச்செல்வி அதைப் பார்த்தாள். கதவுக்கும் படிக்கும் நடுவிலிருந்த சந்தில், மெல்லியதாக, மஞ்சளாக ஒரு வெளிச்சக் கீற்று இருந்தது. டீக்கடை பல்பாக இருக்கும் என்று நினைத்தாள். எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தாள், ரோட்டுப் பக்கம் கதவடியில் ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, உங்க லைட்டக் கொஞ்சம் அணைங்க."

சுடலை அணைத்தான். அவள் திரும்ப இந்தப் பக்கம் ஓடி வந்தாள். கீற்று அப்படியே இருந்தது, காற்றில் லேசாக ஆடியது. முழங்கால் போட்டு முகத்தைச் சந்தோடு வைத்தாள். நல்லெண்ணெய் மணம் வந்தது.

தாவீதும் மாசானமும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அரக்கு முத்திரையை நகத்தால் பெயர்த்தாள்.

"மேடம், உத்தரவு இல்லாம..." என்று தாவீது தொடங்கினார்.

"உத்தரவு போட்டவ நான்தான தாவீது," என்றாள். சாவி துருவில் சிக்கி, பிறகு திரும்பியது.

கதவு திறந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாடமோ முன்னறையோ தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் நிலைக்குள்ளும் தெரிந்தது. சுடலையின் கடை, இருட்டிக்கொண்டு வருகிற ரோடு, தூரத்து வளைவில் திரும்புகிற பஸ்ஸின் விளக்குகள். ஐயோ, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஆவுடைச்செல்வி கதவைப் பிடித்தாள். உலகம்மாள் அதற்குள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள், யாரும் தூக்கிவிடாமலே. சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். கால்களை ஒன்றோடொன்று தேய்த்து மண்ணை உதிர்த்தாள். வலது காலை உள்ளே வைத்தாள், இடது காலையும் வைத்தாள், திரும்பி இரண்டு கதவையும் சாத்தினாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ஆவுடைச்செல்வி கதவைச் சுற்றி ஓடினாள். பஸ் சத்தமாக வந்து ஆச்சி வீடு ஸ்டாப்பில் நின்றது, ரெண்டு பேர் வலது காலை முன்வைத்து இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. ரோட்டில் உலகம்மாள் இல்லை. பஸ் நின்ற இடத்தில் இல்லை, வயல் வரப்பில் இல்லை, ரேஷன் கடைத் திண்டில் இல்லை. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது, போட்ட கையைத்தான் காணோம்.

"அண்ணாச்சி, ஆச்சி எங்க?"

"உள்ள போயிட்டாவல்லா, இப்பத்தான போனாவ," என்றான் சுடலை, பல்பைத் திரும்பப் போட்டுக்கொண்டே.

"எந்த உள்ள? இதுதான உள்ள? உள்ளதான நாம நிக்கோம்?"

"நாம முன்னறைல நிக்கோம் மேடம். அவியதான வீட்டுக்காரி, அடுக்களைல இருப்பாவ." அவன் டம்ளரை நீட்டினான். "டீ குடிக்கியளா? மொகமெல்லாம் வேத்துருக்கு."

அவளுக்கு டீ வேண்டாம். பாதுகாப்பில் இருந்த ஒரு முதியவரைக் காணோம். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, போலீசுக்குச் சொல்ல வேண்டும், மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஊரே சாட்சியாகக் கண் முன்னால் தன் வீட்டுக்குள் நடந்து போனவளைக் காணோம் என்று எப்படிச் சொல்வது. போனை எடுத்தாள், வைத்தாள். ரோட்டிலிருந்து இந்தத் தாழ்ப்பாளை விலக்கிவிடலாமா என்று கையை நீட்டினாள், நீட்டிய கை பாதியில் நின்றது. அடுத்தவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்த வீட்டுக்காரி போட்ட தாழ்ப்பாளை எடுக்க யாருக்குத்தான் கை வரும்.

மெதுவாகச் சுற்றிக் காப்பகத்துப் பக்கம் வந்தாள். கதவடியில் வெளிச்சம் முன்னைவிடப் பிரகாசமாக இருந்தது. யாரோ நடமாடுவதுபோல ஒரு நிழல் அந்தக் கீற்றை மறைத்துக் கடந்து போயிற்று, திரும்பி வந்தது. அரிசி களைகிற சத்தம் கேட்டது, களைந்த தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. மாசானம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடைச்செல்வியின் கையில் சாவி இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளிப்பூட்டின் சாவியால் என்ன பிரயோஜனம். சாவியை அவள் தாவீதிடம் கொடுத்தாள். பிறகு விரல் முட்டியால் கதவைத் தட்டினாள். எவ்வளவு பலமாகத் தட்டுவது, தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உலகம்மாளின் குரல்தான், ஆனால் படியில் கேட்ட நைந்த குரல் இல்லை, தன் வீட்டில் நிற்கிறவளின் குரல்.

"முதியோர் காப்பாளர் ஆபீஸ்லேர்ந்து, மேற்பார்வையாளர்."

உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

"யாருன்னு கேட்டேன்."

"ஆவுடைச்செல்வி."

"எந்த ஆவுட?"

இன்னாருடைய மகள் என்று சொல்லலாம், அவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்னாருடைய பெண்டாட்டி என்று சொல்ல அப்படி ஒருவன் இல்லை. இந்த ஊரில் அவளைத் தெரிந்தவர்களெல்லாம் அவள் சாவியைத் தெரிந்தவர்கள்தான்.

"வெளக்கு எரியும்போது வீட்டப் பூட்டச் சொன்ன ஆவுட, ஆச்சி."

பாத்திரச் சத்தம் நின்றது. கீற்றில் நிழல் வந்து நின்றது. இனிமேல் இந்தக் கதவு எனக்குத் திறக்காது, திறக்காமல் இருப்பதுதான் நியாயம் என்று ஆவுடைச்செல்வி நினைத்தாள்.

"வெளக்கு நல்லாத்தான் எரியுது," என்றது குரல். "எண்ண இப்பத்தான் விட்டேன். அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியா?"

யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டீங்களா என்று கேட்பது அவள் வேலை, கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி தனக்கும் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி ஒரு வாய் காப்பி குடித்தது ஞாபகம் வந்தது.

"இல்ல ஆச்சி."

"பெறகு இருட்டுக்குள்ள வெளிய நின்னு என்ன செய்யுத? சோறு வெந்துரும், வா."

தாழ்ப்பாள் விலகியது. செருப்பை இந்தப் பக்கம் விடுவதா அந்தப் பக்கம் விடுவதா என்று தெரியாமல், இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆவுடைச்செல்வி படியேறினாள்.